புதுப்பிப்பு: ஸ்பிரின்ட் முடிந்தும் ஸ்டோரி முடியாத சிக்கல்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பெரிய கம்பெனி, டீம்கள் எல்லாம் ஸ்க்ரமுக்கு (வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) மாறியாச்சு, ஆனால் டெஸ்டிங் மட்டும் தனித் துறை. கோடிங் இந்த ஸ்பிரின்டில் (சில வார வேலைச் சுற்று), டெஸ்டிங் அடுத்ததில். அதனால் ஸ்டோரி (பயனருக்குத் தேவையான ஒரு சிறு வேலை) அதே ஸ்பிரின்டில் முடிவதில்லை, எப்படிச் சரிசெய்வது?

ஜிரா (வேலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) போர்டில் கூடுதல் கட்டம் வைத்துப் பார்த்தோம். 'டெஸ்டிங்குக்குத் தயார்' வரிசை நீண்டதுதான் மிச்சம். கைகொடுத்தது, டெஸ்டர்களை டீமுக்குள்ளேயே கொண்டுவரச் சொன்ன யோசனை. ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பு, டீம் பொதுவாக 10 பேருக்குள் என்கிறது. அதனால் பெரிய டீம்களை உடைத்தோம். திரை, டேட்டாபேஸ் என்று அடுக்குவாரியாக இல்லை, 'ரீஃபண்ட்' மாதிரி வாடிக்கையாளர் பார்க்கும் வேலைவாரியாக. டெஸ்ட் பாஸ் ஆகாத ஸ்டோரிக்குப் பாயின்ட் (வேலையின் அளவைக் குறிக்கும் எண்) கிடையாது. '90% முடிஞ்சுது' பேச்சே போய்விட்டது.

எதிர்பாராதது: வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்டில் முடித்த பாயின்ட்களின் மொத்தம்) சரிந்தது, மேலிடம் பதறியது. பழைய கணக்கில் அரைகுறை ஸ்டோரிகளும் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான்.

இன்னொன்று அப்ரைசல். டெஸ்டர்களுக்கு ரேட்டிங், கண்டுபிடித்த பக் (பிழை) எண்ணிக்கையை வைத்துத்தான். ஸ்டோரி எழுதும்போதே ஓட்டையைக் காட்டித் தடுப்பவருக்கு ரேட்டிங் அடிவாங்கும்! எச்.ஆர். அதை மாற்றிய பிறகே அவர்கள் பிளானிங்கில் வாய்திறந்தார்கள். டீமை மாற்றும் முன் இதைக் கவனியுங்கள்.

மெயின்ஃப்ரேம் (பெரிய மையக் கணினி) டீம் இன்னும் காலாண்டு ரிலீஸில்தான் இருக்கிறது. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.