மறுமொழி: மாநிலங்களிடை உரிம உடன்படிக்கை – கலைச்சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மாநிலத்தில் தொழில் உரிமம் பெற்ற செவிலியர், மருத்துவர் முதலியோர் பிற மாநிலங்களிலும் எளிதாகப் பணிபுரிவதற்காக அமெரிக்க மாநிலங்கள் செய்துகொண்டுள்ள ‘லைசென்சர் காம்பாக்ட்’ என்பதற்கு முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட ‘உரிம ஒப்பந்தம்’ எனக்கு ஏற்புடையதாக இல்லை. மென்பொருளை நிறுவும்போது நாம் இசைவு தரும் ஆவணத்துக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்கிவருகிறது. மேலும், இங்கே ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் ஒரே வாசகத்தைத் தன் சட்டமாக இயற்றி, அதன் வழியே மற்ற மாநிலங்களோடு தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. இந்தக் கட்டுப்பாட்டின் கனம் ‘உடன்படிக்கை’ என்ற சொல்லில் இருப்பதால் ‘மாநிலங்களிடை உரிம உடன்படிக்கை’ என்பதை முன்வைக்கிறேன். சிலர் எழுதும் ‘தேசிய உரிமம்’ பிழையானது. அங்கே உரிமம் தருபவை மாநில வாரியங்களே.

பொதுச்சொல்லைவிட அதன் கீழ் வரும் சொற்களில்தான் எனக்குக் கவலை அதிகம். செவிலியர் உடன்படிக்கை 2000-இல் நடைமுறைக்கு வந்து, திருத்திய வடிவில் 2018 முதல் இயங்குகிறது. அதில் சேர்ந்த மாநிலம் ஒன்றில் நிரந்தரமாக வசிக்கும் செவிலியர், தம் மாநிலத்தில் பெறும் ஒரே உரிமத்தைக் கொண்டு மற்ற உறுப்பு மாநிலங்களிலும் பணிபுரியலாம். மருத்துவர் உடன்படிக்கை அத்தகையதன்று. 2017 முதல் அதன் வழியே விண்ணப்பிக்கும் தகுதியுள்ள மருத்துவர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி உரிமமே பெறுகிறார்கள்; தனித்தனிக் கட்டணமும் செலுத்துகிறார்கள். சான்றுகளைச் சரிபார்க்கும் வேலை ஒருமுறையோடு முடிவதால் காத்திருக்கும் காலம் குறைகிறது, அவ்வளவே.

மருத்துவர் உடன்படிக்கையை முதலில் சட்டமாக்கியது, நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலமான வயோமிங், ஆண்டு 2015. அதன் தென்மேற்கு எல்லை ஊரான எவன்ஸ்டனிலிருந்து ஒருவர் அண்டை மாநிலமான யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்குச் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பினார் என்று கொள்வோம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து தொலைபேசியில் காயத்தின் நிலையைக் கேட்டறியும் யூட்டாச் செவிலியருக்குத் தம் உரிமமே போதும். அதே நோயாளியைக் காணொளியில் தொடர்ந்து பார்த்து மருந்து எழுதும் மருத்துவருக்கோ பொதுவாக வயோமிங் உரிமமும் வேண்டும். ஏனெனில், நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கேயே சிகிச்சை நடப்பதாகச் சட்டம் கருதுகிறது. சிறப்பு மருத்துவர் எவரும் அருகில் இல்லாத சிற்றூர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது. இரண்டையும் நாம் ‘பொது உரிமம்’ என்று எழுதினால், அமெரிக்காவில் பணிபுரிய எண்ணும் நம் மருத்துவர்கள் தவறாகவே புரிந்துகொள்வார்கள்.

எனவே செவிலியருக்குரியது ‘பன்மாநில உரிமம்’ எனவும், மருத்துவருக்குரியது ‘விரைவு உரிம வழி’ எனவும் இருக்கட்டும். இயன்முறை மருத்துவர்களின் உடன்படிக்கையில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. தம் மாநில உரிமத்தின் பேரில் அவர்கள் வேறொரு மாநிலத்தில் பணிபுரியக் கட்டணம் செலுத்திப் பெறும் ‘பிரிவிலேஜ்’ அது. அகராதிகள் தரும் ‘சலுகை’ கட்டணக் குறைப்பை நினைவூட்டுவதால் இங்கே பொருந்தாது. ‘பணிசெய் அனுமதி’ என்பதே தெளிவு.

‘விரைவு உரிம வழி’ சற்று நீளமாக இருப்பதை உணர்கிறேன். இதே பொருளைச் சிதைக்காமல் சுருக்கித் தருவோர் இருந்தால், சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.