கீமோ நடக்கும்போது வாய் முழுக்கப் புண்: இது ஹெர்ப்பிஸ்தானா?

நிலா அம்மா:
மகளுக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுக்குக் கீமோ போய்க்கொண்டிருக்கிறது, நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள்) 200க்கும் கீழே. போன சுற்றிலும் வாய்ப்புண் வந்தது. உள்கன்னத்திலும் நாக்கின் அடியிலும் இருந்தது, அணுக்கள் ஏற ஏறத் தானாக ஆறிவிட்டது. இந்த முறை வேறு மாதிரி. ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசிகிறது. மேல் அண்ணத்தில் கொத்தாகச் சின்னச் சின்னப் புண்கள், உதட்டில் கறுத்த பொருக்கு, காய்ச்சல். எச்சிலைக்கூட விழுங்காமல் வழிய விடுகிறாள். டாக்டர் புண்ணில் ஸ்வாப் எடுத்துவிட்டு, ரிசல்ட் வரும் முன்பே டிரிப்பில் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஆரம்பித்துவிட்டார். உறுதியாகாமலே ஏன்? சிரப் போதாதா?

வார்டு டாக்டர்:
பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கீமோவால் வரும் புண் பெரும்பாலும் உள்கன்னம், நாக்கின் அடி, மென்னண்ணம் என்று மெத்தென்ற இடங்களில் வரும். ஈறு, கடின அண்ணம், நாக்கின் மேற்புறம், உதட்டோரம் என்று பரவினால் எனக்கு ஹெர்ப்பிஸ் வைரஸ் சந்தேகம் வந்துவிடும். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், போதாததற்குக் கேண்டிடா பூஞ்சையும் படிந்திருக்கலாம். அதனால்தான் ஸ்வாப். புதுப் புண்ணின் அடியிலிருந்து எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்ப்பது நம்பகமானது. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது இப்போதைக்கு உதவாது. முன்பு எப்போதாவது தொற்று வந்ததா என்பதைத்தான் அது சொல்லும்.

காத்திருக்காததற்குக் காரணம், இந்த வைரஸ் உணவுக்குழாய்க்கு இறங்கலாம், அரிதாகக் கல்லீரல், நுரையீரல் வரை போகலாம். திறந்த புண் வழியாக பாக்டீரியாவும் ரத்தத்தில் நுழையும். ரிசல்ட் நெகட்டிவ் என்றால் மருந்தை நிறுத்திக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாய்வழி கொடுக்கும் அசைக்ளோவிரில் 10 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும், எச்சிலே விழுங்காதவள் சிரப்பை எப்படி விழுங்குவாள்? டிரிப்பில் வழக்கமாகக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற வேண்டும். வேகமாக ஏறினாலோ உடலில் நீர் குறைந்தாலோ மருந்து சிறுநீரகத்தில் படிகமாகிவிடும். சலைனும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் அதற்காகத்தான். சிறுநீர் குறைந்தால் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். விழுங்க ஆரம்பித்து, புதுப் புண் வருவதும் நின்றால் வாய்வழி மருந்துக்கு மாற்றுவார்கள். களிம்பை இந்த நிலையில் நம்பாதீர்கள்.

நிலா அம்மா:
அவள் அப்பாவுக்குச் சமீபத்தில் உதட்டோரம் கொப்புளம் வந்தது. அவரிடமிருந்து ஒட்டியிருக்குமோ? இவள் கட்டைவிரல் வேறு சூப்புவாள்.

வார்டு டாக்டர்:
இருக்கலாம். எப்போதோ வந்து நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்த வைரஸ் இப்போது கிளம்பியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான், அவர் மேல் பழி போடாதீர்கள். அவருக்குக் கொப்புளம் ஆறும்வரை முத்தம் வேண்டாம், கையை நன்றாகக் கழுவட்டும். விரலில் வலியோடு நீர்க்கொப்புளம் வருகிறதா, கண் சிவக்கிறதா என்று பாருங்கள். கண் என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

அமுதன் அப்பா:
என் மகனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு இதே கதை. ஒரு வாரம் சரியான அளவில் அசைக்ளோவிர் ஏறியும் புண் பெரிதாகிக்கொண்டே போனது. மருந்தைச் செயல்பட வைக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதியையே வைரஸ் இழந்திருந்தால் இப்படி ஆகுமாம். வைரஸ் மருந்தை எதிர்க்கிறதா (ரெசிஸ்டன்ஸ்) என்ற சோதனைக்கு அனுப்பிவிட்டு ஃபாஸ்கார்னெட் என்ற வேறொரு வைரஸ் மருந்துக்கு மாற்றினார்கள். அது கடுமையான மருந்து. கால்சியம் இறங்கும், சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீர் பட்டுத் தோல் புண்ணாகும் என்பதால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார்கள். ஆனால் அதில்தான் ஆறியது. உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம். முன்னேற்றம் இல்லையென்றால் ‘ரெசிஸ்டன்ஸ் பார்க்கலாமா’ என்று கேளுங்கள்.

பல் மருத்துவர்:
அப்புறம் ஒன்று. மரத்துப்போகும் ஜெல்லை நீங்களாகத் தடவாதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம், தொண்டை மரத்தால் புரையேறும். கடையில் வாங்கும் ஸ்டீராய்டு ஜெல்லும் வேண்டாம். இபுபுரூஃபன் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பாதிக்கும். பாராசிட்டமால்கூடக் காய்ச்சலை மறைத்துவிடும், கேட்டுவிட்டே கொடுங்கள். பிரஷ் வலித்தால் உப்புநீரில் நனைத்த மிருதுவான ஸ்பான்ஞ். வலி தாங்காவிட்டால் டாக்டர்கள் மார்ஃபின் கொடுப்பார்கள், அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.