மகளின் ரோப்ளாக்ஸ் வீட்டுக்குள் யார் யார் வருகிறார்கள்?

மஞ்சக்குப்பம் தையற்காரர்:
மகளுக்கு 12 வயது. ரோப்ளாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில், புரூக்ஹேவன் என்ற கற்பனை ஊரில் வீடு வைத்திருக்கிறாள். பள்ளித் தோழிகளும், லாஸ்பேட்டையில் இருக்கும் என் அக்காள் மகளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேதான் கூடுகிறார்கள். ஒருத்தி போலீஸ், ஒருத்தி பேக்கரிக்காரி. பரீட்சைப் புலம்பல், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேயே நடக்கின்றன. விளையாட்டு என்று அனுமதித்தேன். பார்த்தால் ஒரு தெருவே இருக்கிறது. நண்பர் பட்டியலில் பாதிப் பேரை அவளுக்கே தெரியாது. இப்போது அக்காள் மகளின் பிறந்தநாளுக்கு ரோபக்ஸ் என்ற அந்த விளையாட்டுப் பணத்தை வாங்கித் தரச் சொல்கிறாள், பொம்மைக்குச் சட்டை எடுக்கவாம். தையற்கடைக்காரனிடம் வந்து கேட்கிற கேள்வியா இது? அழித்துவிடச் சொல்கிறாள் என் மனைவி. என்ன செய்யலாம்?

முத்தியால்பேட்டை டீச்சர்:
அழிக்காதீர்கள் அண்ணா. தோழிகள் எல்லாரும் அங்கே இருக்கும்போது இவளை மட்டும் வெளியே நிறுத்தினால், வேறு பெயரில் கணக்குத் தொடங்குவாள். என் வகுப்பில் அதுதான் நடக்கிறது. முதலில் அவள் என்ன பிறந்த ஆண்டு கொடுத்திருக்கிறாள் என்று பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் அங்கே கல்லூரி மாணவர்கள்! வயது சரியாக இருந்தால்தான் சிறுவர்களுக்கான பூட்டுகள் வேலை செய்யும். உங்கள் கணக்கை அவளுடையதோடு இணைத்தால் நண்பர் பட்டியலைப் பார்க்கலாம், மாதச் செலவுக்கு வரம்பும் வைக்கலாம். தெரியாதவர்களை அவள் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். யாராவது படம் கேட்டாலோ மிரட்டினாலோ குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

நெல்லித்தோப்பு பழைய ஆள்:
இந்தத் தலைவலி புதிதல்ல ஐயா. பின்லாந்தின் ஹாபோ என்ற இணைய விளையாட்டு 2000இலேயே அரட்டையையும் அறை அலங்காரத்தையும் சேர்த்துவிட்டது. செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தை நடத்திய லிண்டன் லேப் நிறுவனம், 2005இல் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தனி உலகமே கட்டியது. 2010 முடிவில் அதை மூடிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது கிளப் பெங்குயின் என்ற சிறுவர் இணைய விளையாட்டுதான். அதில் ஒரு முறையில் தயாராக உள்ள வாக்கியங்களை மட்டுமே தேர்ந்தெடுத்துப் பேச முடிந்தது. அந்நியன் வந்தாலும் ‘வணக்கம்’ சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். பிள்ளைகளுக்குச் சலிப்புத்தான், ஆனால் அப்பன்மாருக்கு நிம்மதி. 2017இல் அதுவும் போய்விட்டது. ரோப்ளாக்ஸ் இப்போது முகத்தைக் காட்டச் சொல்லி வயதைக் கணித்து, ஏறத்தாழ ஒத்த வயதினரோடு மட்டும் அரட்டைக்கு விடுகிறது. முழுதாக நம்ப நான் தயாரில்லை. இவர்கள் மட்டும் விளையாடத் தனி சர்வர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவர்கள் அழைக்கிற ஆட்கள்தான் உள்ளே வர முடியும்.

மஞ்சக்குப்பம் தையற்காரர்:
டீச்சர் சொன்னது சரி. பிறந்த ஆண்டு 2005 என்றிருக்கிறது, எனக்கு மகளா தங்கையா என்றே தெரியவில்லை. நண்பர் பட்டியலை இருவரும் உட்கார்ந்து சுத்தம் செய்தோம். யாரை வைப்பது என்பதில் அவள் என்னைவிடக் கறாராக இருந்தாள். ரோபக்ஸ் பேச்சுதான் முடியவில்லை. அக்காள் மகளுக்கு நானே நல்ல சுடிதார் தைத்துத் தருகிறேன் என்றேன். இரண்டும் வேண்டுமாம்.