தியானத்துக்குப் புதுசு, வழி சொல்லுங்கள்

வணக்கம். இப்போதைக்கு மூச்சை எண்ணுவது மட்டும்தான் செய்கிறேன். மூச்சு வெளியேறும்போது ஓர் எண், 1 முதல் 10 வரை, தவறினால் மறுபடி 1. பாதியிலேயே மனசு அலுவலக வேலைக்கு ஓடிவிடும். அது பரவாயில்லை, திரும்பக் கூட்டி வருவதுதானே பயிற்சி. என் சிக்கல் வேறு. மூச்சைக் கவனிக்க ஆரம்பித்ததும் அது இயல்பாக ஓடுவதில்லை. நானே இழுத்து விடுகிற மாதிரி ஆகி நெஞ்சு இறுகுகிறது. மூக்கு நுனிக்குப் பதிலாக வயிறு ஏறி இறங்குவதைக் கவனித்தால் சரியாகுமா? இல்லை, பாதத்திலிருந்து தலைவரை உடலைக் கவனிக்கும் முறைக்கோ நடை தியானத்துக்கோ மாறட்டுமா?

சம்மணம் போட்டால் கால் மரத்துப்போகிறது, அதனால் நாற்காலியில்தான் உட்காருகிறேன். தப்பில்லையே? அப்புறம், செயலி மட்டும் வேண்டாம்; காதில் யாராவது பேசிக்கொண்டே இருந்தால் எரிச்சல்தான் வருகிறது. இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.