பினாங்கு வெயிலில் ஈஸ்டர் தோட்டம்: பாசிக்குப் பதில் என்ன?

கேள்வி: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு தட்டில் சின்ன ஈஸ்டர் தோட்டம் செய்யப் போகிறோம். கல்லறை, மூன்று சிலுவை எல்லாம் சரி, ஆனால் புல்தரைக்காக வைக்கும் பாசி இந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. வேறு என்ன வைக்கலாம்?

பதில் 1: அக்கா, கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து ஈர மண்ணில் நெருக்கமாகத் தூவுங்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிறன்று விதைத்தால் ஈஸ்டருக்குள் பச்சைப் புல் நிற்கும். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றினால் தட்டில் தேங்கி விதை அழுகிவிடும்.

பதில் 2: கல்லறைக்குச் சின்ன மண்சட்டியைப் படுக்கவைத்துப் பாதி புதையுங்கள். சட்டியின் வாயை மூட வைக்கும் கல்லை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், ஞாயிறு காலை பிள்ளைகளே அதைப் புரட்ட வேண்டும், அதற்குத்தானே இத்தனையும்!

பதில் 3: சிஸ்டர், கல்லைப் புரட்டும்போது பைபிளில் யோவான் 19:41 வாசியுங்கள். இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடத்தில் ஒரு தோட்டமும், அதில் ஒரு புதிய கல்லறையும் இருந்ததாக வருகிறது. அப்புறம், சிலுவைக்குத் தென்னை ஈர்க்கு போதும், நூலால் கட்டிவிடலாம்.