பத்து நாள் கிரீஸ் கல்விப் பயணம்: நாக்சஸ் ஒன்று போதுமா, நாலு தீவும் சுற்றணுமா?

தறிக்காரர் மகள், சென்னிமலை

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூரில் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மே மாதக் கடைசியில் எங்கள் வகுப்பில் 22 பேர் கிரீஸ் போகிறோம். பழைய இடங்களை அளந்து வரைவதும், தீவு ஊர்களில் வீடும் தெருவும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்ப்பதும்தான் வேலை. ஆசிரியர்கள் இரண்டு திட்டம் கொடுத்து எங்களையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள். முதல் திட்டத்தில் ஏதென்ஸ், மைக்கோனோஸ், டெலோஸ், சாண்டொரினி, கிரீட் எல்லாம் வருகிறது. இரண்டாவதில் ஏதென்ஸில் மூன்று நாள், மீதி முழுக்க நாக்சஸ் தீவு, நடுவில் ஒரு நாள் மட்டும் படகில் டெலோஸ் போய்வருவது.

வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் முதல் திட்டம்தான் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெளியவில்லை. வீட்டில் ஓடுகிற நாலு தறி வருமானத்தில்தான் அப்பா பணம் கட்டியிருக்கிறார், இன்னொரு தடவை போய்க்கொள்ளலாம் என்று விட முடியாது. நேற்று அவர், "பக்கத்துல கொடுமணல்ல தோண்டுனதையே நீ இன்னும் பார்க்கலையே, அங்க போய் என்ன பார்க்கப்போற கண்ணு?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள். நான் சைவம், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டு இன்ஜினியர்

என்ன ஆனாலும் சாண்டொரினியை விடாதீங்க. நீலக் கூரையும் வெள்ளைச் சுவரும் பார்க்கச் சொல்லவில்லை, அக்ரோத்திரிக்காகச் சொல்கிறேன். மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடந்த ஊர். 1967-ல் மரினாத்தோஸ் என்பவர் தோண்ட ஆரம்பித்தார். மாடி வைத்த வீடுகள், தெருவுக்கு அடியில் சாக்கடை, நிலநடுக்கம் வந்தால் தாங்க வேண்டுமென்று கல் சுவருக்குள் மரச்சட்டம் கோத்திருக்கிறார்கள். மனித எலும்புகள் கிடைக்காததால், ஊர்க்காரர்கள் முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். கட்டடம் படிக்கிறவர் இதைப் பார்க்காமல் வரலாமா?

காங்கேயத்துக்காரி

கண்ணு, நான் 2018-ல் போனேன். அப்போது வெளிநாட்டில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாளில் ஐந்து தீவு என்று போட்டிருந்தார்கள், அதுவும் ஜூலைக் கடைசியில். அந்த மாதங்களில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்று ஒரு காற்று வரும். நம் ஆடிக்காற்று அடிக்கிற அதே நாட்கள்தான். கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்தவர்கள் அதற்கு ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. நாக்சஸில் மூன்று நாள் மாட்டிக்கொண்டோம், சாண்டொரினி கைவிட்டுப் போனது. அதனால் அக்ரோத்திரியை நான் பார்த்ததில்லை, மேலே சொன்னவர் சொல்வதை மறுக்கவும் மாட்டேன். ஆனால் அந்த மூன்று நாளில் பார்த்ததை வைத்துத்தான் இன்றைக்கும் வகுப்பில் வரலாறு நடத்துகிறேன்.

நாக்சஸின் வடக்கு மூலையில் அப்பொல்லோனாஸ் என்று ஒரு ஊர். அதற்கு மேலே பழைய பளிங்குக் குவாரியில் 10 மீட்டருக்கு மேல் நீளமான சிலை ஒன்று மல்லாந்து கிடக்கிறது. தாடி தெரிகிறது, முகம் இன்னும் வரவில்லை. கல்லில் விரிசல் கண்டதால் 2,500 வருடத்துக்கு முன்பே வேலையை அப்படியே விட்டுவிட்டார்கள் என்கிறார்கள். வெயிலில் கல் சுட்டது. பக்கத்தில் உட்கார்ந்து விலாப்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தேன். அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக, உளி முனை இறங்கின தடம். வழவழவென்று முடித்து மியூசியத்தில் நிறுத்தின சிலையில் இது கிடைக்காது, தேய்த்து அழித்திருப்பார்கள். குவாரியிலேயே பாதி செதுக்கிவிட்டால் கடற்கரைக்கு இழுக்கிற எடை குறையும், அந்தக் கணக்கும் அங்கே நின்றால்தான் புரியும். கிளம்புவதற்குள் ஒரு தடவை திருமுருகன்பூண்டி சிற்பக்கூடங்களுக்குப் போய்வா. பாதி வேலையில் நிற்கிற சிலையிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அங்கே இருக்கிற சிற்பிகள் சொல்லிக்கொடுப்பார்கள்.

துறைமுகத்திலேயே இன்னொன்று நிற்கிறது, போர்த்தாரா என்பார்கள். கி.மு. 530 வாக்கில் லிக்டமிஸ் என்ற ஆட்சியாளன் தொடங்கி, முடியாமல் போன கோயிலின் வாசற்கால். ஒவ்வொரு கல்லும் சுமார் 20 டன். மற்ற கற்களை வெனிஸ்காரர்கள் பிற்காலத்தில் கோட்டை கட்ட எடுத்துப் போய்விட்டார்கள், இதை அசைக்க முடியவில்லை. நிலைக்கல்லில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்களைக் கவனி. கோயில் முடிந்திருந்தால் கடைசியில் அவற்றைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். அதை அளந்து வரை.

அப்பா கேட்டதற்கும் பதில் அந்தத் தீவிலேயே இருக்கிறது. நாக்சஸின் மலை ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டியெடுத்தது எமரிக்கல். மூட்சூனா துறைக்கு அதை இறக்கப் போட்ட கம்பிவடத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் எமரி தாள் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர்தான். அதற்குக் கடினம் கொடுப்பது வைரத்துக்கு அடுத்தபடியான குருந்தம். ஆங்கிலக்காரர் சொல்லும் கொரண்டம், நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். அந்தக் கல் கிடைக்கிற இடம் நம் சிவன்மலை! 1901-லேயே ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நான் சின்ன வயசில் மாதம் ஒரு தடவை ஏறின மலை, நாக்சஸ் போய்வந்த பிறகுதான் இது எனக்குத் தெரியும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. ஃபாவா என்று கேள், பருப்பைக் கடைந்து மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவார்கள், நம் பருப்புக் கடைசல்தான். வேகவைத்த கீரை, தக்காளியில் வெந்த பெரிய அவரைக்கொட்டை எல்லாம் உண்டு. அவர்கள் மதத்தில் விரத நாள் நிறைய, விரதச் சாப்பாட்டை நிஸ்திசிமோ என்பார்கள். அதில் கறியும் பாலும் இருக்காது, ஆனால் கணவாய், இறால் இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடு.

தறிக்காரர் மகள், சென்னிமலை

அக்கா, இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது திட்டத்துக்கே கை தூக்கப்போகிறேன். அக்ரோத்திரியை விடுவது மட்டும் உறுத்துகிறது.

காங்கேயத்துக்காரி

அங்கே எடுத்த சுவரோவியங்களில் முக்கியமான சில ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் மியூசியத்தில்தான் இருக்கின்றன. வசந்தகாலப் பாறையும் தகைவிலான் குருவிகளும் ஒரு அறைச் சுவர்களைச் சுற்றி வரும், அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்கு. அப்புறம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நாக்சஸில் அப்பிராந்தோஸ் என்ற மலை ஊரில் தெருவெல்லாம் பளிங்குக்கல் பதித்திருக்கிறார்கள், அங்கே பெண்கள் தறி நெய்கிறார்கள். தறிக்கார வீட்டுப் பிள்ளை நீ, உன் கண்ணுக்குத் தெரிவது மற்ற 21 பேருக்கும் தெரியாது. அப்பாவுக்கு அந்தத் தறியை வரைந்து கொண்டுவா.

நொய்யல்கரை

கொடுமணல் பற்றி நானும் ஒன்று சொல்கிறேனுங்க. 1985-லிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது, பிறகும் பல தடவை தோண்டினார்கள். அக்கா சொன்ன பாதி வேலை அங்கேயும் உண்டு. படிகம், சூதுபவளம், படியூர்ப் பக்கத்து பெரில் கல், எல்லாவற்றிலும் மணி செய்த ஊர் அது. உடைத்த கல், தேய்த்த கல், துளை போடும்போது பிளந்துபோன மணி என்று வேலையின் ஒவ்வொரு படியும் மண்ணுக்குள் கிடைத்தது. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போகிற பழைய பாதையில் இருந்த ஊர். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். தோண்டின குழிகளை மூடிவிட்டார்கள், பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றி வைத்த கல்வட்டங்களைப் பார்க்கலாம்.

தறிக்காரர் மகள், சென்னிமலை

அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். குருந்தம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார், அவர் தாத்தா வீட்டில் அந்தப் பெயர் சொல்லி ஒரு சாணைக்கல் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு என்னோடு வண்டியில் வருகிறார். முதலில் கொடுமணல், அப்புறம் சிவன்மலை.

காங்கேயத்துக்காரி

காலையில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள், கல்வட்டத்தில் நிழல் சாய்ந்திருக்கும்போது வரைவது சுலபம். தரையில் கிடக்கிற பானை ஓட்டைப் படம் எடுத்துக்கொள், கையில் எடுக்காதே. சிவன்மலையில் இறங்கினதும் எனக்கு ஒரு செய்தி போடு, என் வீடு அடிவாரத்திலிருந்து பக்கம்தான், அப்பாவையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா.