சொந்தங்கள் குழு: பிளவுஸ் பேட்டர்னுக்குக் காசு வாங்குவது எப்படி?

செல்வி சித்தி: கார்த்தி, ஆன்லைனில் இருக்கிறாயா? பிளவுஸ் பேட்டர்ன் பிடிஎஃப் 149 ரூபாய்க்கு விற்கிறேன் அல்லவா, நேற்று ஒரு பெண் ஜிபே ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். நானும் ஃபைலை அனுப்பிவிட்டேன். கணக்கில் காசே வரவில்லை.

சுந்தரம் மாமா: ஸ்கிரீன்ஷாட்டை யாராவது நம்புவார்களா? வங்கி மெசேஜைப் பார்த்துவிட்டு அனுப்பு, போதும். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்கு வியாபாரியிடம் வங்கி பிடிக்கும் எம்டிஆர் கட்டணம் கிடையாது. அதை விட்டு வேறு எதற்கு?

செல்வி சித்தி: ராத்திரி 11 மணிக்கு மேல்தான் அண்ணா எல்லோரும் வாங்குகிறார்கள். காலையில் எழுந்தால் "அக்கா, ஃபைல் எங்கே?" என்று வரிசையாக நிற்கிறது.

கார்த்திக்: அதுதான் மாமா விஷயம். காசு விழுந்ததும் ஃபைல் தானாகப் போக வேண்டும். ரேசர்பே மாதிரி, ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் ஒரு கேட்வே வைத்தால் பொதுவாக 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 149 ரூபாயில் மூன்றரை ரூபாய் போகும். பணம் கட்டியவரை நேராக டவுன்லோடு பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். சித்தி நிம்மதியாகத் தூங்கலாம்.

சுந்தரம் மாமா: மூன்றரை ரூபாய்தானா? சரி, அப்படியென்றால் போகட்டும்.

மீனா சித்தி (டொரண்டோ): அக்கா, இங்கேயும் கேட்கிறார்கள். நான் எப்படி அனுப்புவது?

கார்த்திக்: உங்களிடம் என்ஆர்ஓ கணக்கு, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு இருக்கிறதே சித்தி. கனடா உள்பட சில நாட்டு மொபைல் எண்களை அந்தக் கணக்கோடு இணைத்து யுபிஐ போடலாம். உங்கள் வங்கியில் அந்த வசதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மீனா சித்தி (டொரண்டோ): நான் போட்டுவிடுவேன். என் தோழிகள் பாதிப் பேர் யாழ்ப்பாணம். அவர்களுக்கு இந்திய வங்கிக் கணக்கு ஏது?

கார்த்திக்: அவர்களுக்கு பேபால். இந்தியாவுக்குள் வசூலிப்பதை அந்த நிறுவனம் 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது, வெளிநாட்டுக் காசு வாங்கலாம். ஆனால் 4.4 சதவீதத்தோடு 30 சென்ட் பிடிப்பார்கள். 2 டாலருக்கு விற்றால் 39 சென்ட் காலி. டாலரை ரூபாயாக மாற்றும்போது இன்னும் கொஞ்சம்.

செல்வி சித்தி: ஐயோ, ஐந்தில் ஒரு பங்கா!

கார்த்திக்: தனித்தனியாக விற்றால் அப்படித்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு 32 முதல் 44 சைஸ் வரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செட்டாக 10 டாலர் வையுங்கள். அப்போது 74 சென்ட்தான்.

மீனா சித்தி (டொரண்டோ): கம்ரோடு என்று டிஜிட்டல் பொருள் விற்கும் தளம் ஒன்று இருக்கிறதே, அதில் எம்பிராய்டரி டிசைன் வாங்கியிருக்கிறேன்.

கார்த்திக்: அது 10 சதவீதமும் 50 சென்ட்டும் பிடிக்கும், கார்டு கட்டணம் தனி. 10 டாலருக்கு ஒன்றரை டாலருக்கு மேல் போகும். ஆனால் ஐரோப்பாவில் யாராவது வாங்கினால் வாட் வரியை கம்ரோடே வசூலித்துக் கட்டிவிடும். அங்கே டிஜிட்டல் பொருளுக்கு, வாங்குபவர் இருக்கும் நாட்டின் வரி. லண்டன், பாரிஸ் என்று ஆர்டர் பெருகினால் அதற்கு மாறலாம். இப்போதைக்கு பேபால் போதும். ஸ்ட்ரைப் என்ற இன்னொரு கேட்வே பற்றி யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், 2024-லிருந்து இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் புதுக் கணக்கு.

சுந்தரம் மாமா: ஜிஎஸ்டி பதிவு?

கார்த்திக்: சேவைக்கு ஆண்டு விற்பனை 20 லட்சம் என்பது பொதுவான வரம்பு. நெருங்கும்போது ஆடிட்டரைப் பார்க்கலாம் மாமா.

செல்வி சித்தி: உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் 😄 இப்போது நான் என்ன தர வேண்டும்?

கார்த்திக்: பான், வங்கிக் கணக்கு விவரம். வெப்சைட்டில் ரீஃபண்ட் விதி, தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும், அதை நான் எழுதிவிடுகிறேன். ஃபைல் இறங்கிய பிறகு பணம் திருப்பித் தரப்படாது, பிரிண்ட் சரியாக வராவிட்டால் வேறு ஃபைல் தரப்படும், சரியா?

செல்வி சித்தி: சரி. ஏ4 தாளில் 100 சதவீத அளவில் எடுக்கச் சொல்லி அதிலேயே போட்டுவிடு. பாதிப் பேர் சுருக்கி எடுத்துவிட்டு அளவு தப்பு என்கிறார்கள்.

சுந்தரம் மாமா: செல்வி, பான் அட்டையிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா?

செல்வி சித்தி: பாஸ்புக்கில் அப்பா இனிஷியல். பானில் என் வீட்டுக்காரர் பெயர் சேர்ந்திருக்கிறது.

சுந்தரம் மாமா: அப்படியானால் கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, பாதியில் நிற்கும். திங்கட்கிழமை ஆதாரை எடுத்துக்கொண்டு கிளைக்கு வா, நானும் வருகிறேன்.